புல்லை விட்ட நேரம்

ஆட்டின் ஏப்பத்தை அளக்க அரசாங்க வண்டி வரப்போகிறது என்று முதன்முதலில் காதில் விழுந்தபோது ஈவன் ராட்டரேவுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஓரெட்டி ஆற்றங்கரையில் மூன்று தலைமுறையாக இனக்கிடா வளர்த்து விற்கிற குடும்பம் அவருடையது. அசைபோடுகிற ஆடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் இருக்கிறது, அது பூமியைச் சூடாக்குகிறது, ஆகவே ஆட்டுக்காரன் வரி கட்டட்டும் என்று தலைநகர் வெலிங்டனில் பேச்சு அடிபட்ட வருஷம், இன்வர்கார்கில் கடைத்தெருவை மறித்து டிராக்டரை நிறுத்தியவர்களில் அவரும் ஒருவர். இன்றைக்கு ஏப்பத்துக்கு வரி போடுகிறவன் நாளைக்குத் தும்மலுக்கும் போடுவான் என்று அட்டையில் எழுதி டிராக்டர் முகப்பில் கட்டியிருந்தார்.

வேறு வழி சொன்னவள் அவர் மனைவி ரேவின். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தவள், கத்திப் பேசத் தெரியாதவள். அரசாங்கமும் இறைச்சித் தொழில்காரர்களும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள், அதில் கட்டாயம் எதுவும் இல்லை என்றாள். வண்டியும் ஆளும் அவர்களுடையது. விருப்பப்பட்ட வளர்ப்பாளர் கிடாக்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும், ஒவ்வொன்றும் எவ்வளவு ஏப்பம் விடுகிறது என்று அளந்து சொல்வார்கள். குறைவாக விடுகிற கிடாவின் குட்டிகளும் குறைவாகவே விடும். நாமாகச் செய்துவிட்டால் எவனும் வந்து மிரட்ட வேண்டியதில்லையே என்று அவள் கேட்டாள். அந்த வாரமே பக்கத்துப் பண்ணைக்காரர் ஆறு பேரைச் சமையலறை மேசைக்கு வரவழைத்து, வயிறாரச் சாப்பாடு போட்டு, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் குழுவுக்கான விதிகளைத் தன் கைப்பட எழுதினாள்.

அந்த விதிகளில் இரண்டாவதுதான் முக்கியம். வயிறு காய்ந்த ஆடு ஏப்பம் குறைவாக விடும். அதனால் அளப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வரை ஆடு புல்லில் இருக்க வேண்டும். புல்லை விட்ட நேரத்தை வளர்ப்பவரே தன் கையால் படிவத்தில் எழுத வேண்டும், அதை யாரும் போய்ச் சரிபார்க்கக் கூடாது. பக்கத்துப் பண்ணை கெல்வின் டுதிக்கு அது பிடிக்கவில்லை. எவனாவது ஏமாற்றினால் என்ன செய்வது என்று கேட்டான்.

"ஏமாத்தறவனுக்குக் காவல் போடணும்னா அதுக்கு அரசாங்கமே போதும், கெல்வின். நாம ஏழு பேர் எதுக்கு?" என்றாள் ரேவின். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. போன மார்ச்சில் இன்வர்கார்கில் டாக்டர் ரேவினின் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்றார். திரும்பும் வழியில் விண்டன் ஊரைத் தாண்டியதும் அவள் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"நானா வாயத் திறந்து சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. தெரிஞ்ச அன்னைக்கே எல்லாரும் எங்கிட்ட கொழந்தைகிட்டப் பேசற மாதிரி பேச ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்கப்புறம் நான் சொல்றத எவன் காதுல போட்டுக்குவான்? சத்தியம் பண்ணு."

ஈவன் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து அடுப்பை அணைத்தாளா என்று பார்ப்பதும், தொலைபேசி அடித்தால் முந்திக்கொண்டு எடுப்பதும், அவள் திறந்துபோட்ட வேலிக்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வருவதுமாக அவர் பொழுது போயிற்று. அறுபத்தாறு வயதில் அவருக்கு அது பாரமாகத் தெரியவில்லை. யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் அவரைத் தின்றது.

அக்டோபரில் வண்டி வருவதாக நாள் குறித்தார்கள். அறுபது இளங்கிடாக்களும் மூன்று வாரமாக ஆற்றோர வேலிக்குள் ஒன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. அளக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் ஈவன் லம்ஸ்டனுக்குப் போயிருந்தார், இருட்டும் நேரத்தில் திரும்பி, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். காலை ஆறரைக்கு ரொட்டி வேகிற வாசனையில் கண் விழித்தார்.

சமையலறை மேசை கொள்ளாமல் ஸ்கோன் ரொட்டி. மூன்று தட்டு நிறைய, நாற்பதுக்குக் குறையாது. பக்கத்தில் ஆறு கோப்பைகள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தன. ரேவின் மாவுக்கையோடு நின்றுகொண்டிருந்தாள், முகத்தில் நல்ல தெளிச்சி.

"நெவில் ஆளுங்க ஏழு மணிக்கு வந்துடுவாங்க. கெடாவயெல்லாம் நேத்தே உள்ள அடைச்சிட்டேன், மழை வர்ற மாதிரி இருந்துச்சு. கொட்டகை கொண்ட மட்டும்தான் அடைச்சேன், மிச்சத்த நீ ஓட்டிட்டு வா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கம்பளி கத்தரிப்பதற்கு முந்தின சாயங்காலமே ஆட்டைக் கொட்டகைக்குள் அடைத்துவிடுவார்கள். நனைந்த கம்பளி கத்தரிக்க வராது, வயிறு நிறைந்த ஆடு கத்தரிக்கிறவன் மடியில் புரண்டு திமிறும். அதனால் இரவு முழுக்கப் பட்டினி. ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த பழக்கம் இது, ரேவினின் கைக்கும் காலுக்கும் நாற்பது வருஷமாகத் தெரியும். ஆனால் அன்றைக்குக் கத்தரிப்பு இல்லை. கத்தரிப்பாளர் நெவில் தொழிலை விட்டு, மகளோடு ஆஸ்திரேலியா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

கொட்டகைக்கு ஓடினார். இடைவெளி விட்டுப் பலகை அடித்த தளத்தின்மேல் இருபத்து நாலு கிடாக்கள் வயிறு ஒட்டி நின்றன. முன்னால் நின்றது இருநூற்றுப் பதினாலாம் எண் கிடா. ரேவின் குப்பிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு, எங்கே கூப்பிட்டாலும் அதுதான் முதலில் வரும். கதவைத் திறந்துவிடலாம், இரண்டு மணி நேரமாவது மேயட்டும் என்று கையைத் தாழ்ப்பாளில் வைத்தபோதே வண்டியின் விளக்கு வாசலில் திரும்பியது.

வந்தவள் மெரியானா, பிளஃப் ஊர்ப்பெண், ஏப்பம் அளக்கிற வேலை அவளுடையது. கூட ஓட்டுநர் ஒருவன். ட்ரெய்லர் வண்டியில் பன்னிரண்டு பெட்டிகள் இருக்கும். பெட்டிக்கு ஒரு கிடா, ஐம்பது நிமிஷம், உள்ளே சேர்கிற வாயுவை அளந்துகொள்வார்கள். கொட்டகையில் நிற்பவைதானே முதல் தவணை என்று கேட்டாள். இவை ராத்திரியே அடைத்தவை, வேலியில் இருப்பவற்றை முதலில் எடுத்துக்கொள் என்று சொல்ல ஈவனுக்கு வாய் வரை வந்துவிட்டது. ஆனால் ஏன் அடைத்தீர்கள் என்று கேட்பாள், ரேவினின் மறதி வெளியே வந்துவிடும். அதே சமயம் ரேவின் தட்டோடு முற்றத்துக்கு வந்து, நெவில் எங்கே என்பதுபோல் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஈவன் தலையை ஆட்டிவிட்டார். படிவத்தில் "புல்லை விட்ட நேரம்" என்ற கட்டத்தில் ஆறு நாற்பது என்று எழுதினார், அடுத்த பன்னிரண்டுக்கு ஏழு நாற்பது. மெரியானா சூடான ஸ்கோனில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டு, இப்படியொரு கவனிப்பு எந்தப் பண்ணையிலும் கிடைத்ததில்லை என்று ரேவினிடம் சொன்னாள்.

முடிவு நவம்பரில் வந்தது. ஏழு பண்ணைக் கிடாக்களிலும் குறைவாக ஏப்பம் விட்டது இருநூற்றுப் பதினாலு. மறுநாளே மெரியானா தொலைபேசியில் கூப்பிட்டாள். ஏழு பண்ணையும் பொதுவாகப் பயன்படுத்திய கிடா ஒன்று உண்டு, ஒரு பண்ணையை இன்னொன்றோடு ஒப்பிட அதன் பிள்ளைகள்தான் தங்களுக்கு அளவுகோல் என்றாள். ஈவனிடம் அந்தப் பிள்ளைகள் ஆறு. முதல் இரண்டு தவணையில் அளந்த இரண்டும் தாழ்ந்து கிடக்கின்றன, பிறகு அளந்த நாலும் மற்றப் பண்ணைகளில் இருப்பதுபோல் இருக்கின்றன. அன்று காலையில் ஏதாவது வித்தியாசமாக நடந்ததா என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ரேவின் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லியே. எப்பவும் போலத்தான்" என்றார் ஈவன்.

சரி என்று அவள் நம்பிவிட்டாள். சந்தேகப்பட்டு இரண்டு கேள்வி கேட்டிருந்தாலும் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு வேலியோரம் வருகிறவன் போகிறவனெல்லாம் இருநூற்றுப் பதினாலைப் பார்க்க வந்தான். கெல்வின் அதன் தாடையைச் சொறிந்துகொடுத்து, டிராக்டர் மறியல் பண்ணினவன் வீட்டிலேயே இது பிறந்திருக்கிறது பார் என்று கிண்டல் செய்தான். அப்புறம் கிண்டலை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தான். டிசம்பர் கூட்டத்தில் இந்தக் கிடாவையே ஏழு பண்ணைக்கும் பொதுக் கிடாவாக வைத்துவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்களாம். ஈவன் அந்தக் கிடாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது ஒரு பாவமும் அறியாது. ஆனால் அடுத்த ஏப்ரலில், இனச்சேர்க்கைக்கு அது ஏழு மந்தைக்குள் போனால், பொய்யான ஒரு எண் அதன் ரத்தத்தோடு சேர்ந்து இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிடும். பத்து வருஷம் கழித்து, இத்தனை பாடுபட்டும் ஏன் ஒன்றும் குறையவில்லை என்று எல்லோரும் தலையைச் சொறிவார்கள். அரசாங்கம் பழையபடி வரியோடு வரும். ரேவின் மேசையில் உட்கார்ந்து எழுதியதெல்லாம் வீண். உண்மையைச் சொன்னால் எண் சரியாகும், ரேவினுக்குச் செய்த சத்தியம் போய்விடும்.

கடைசியில், இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

கூட்டம் டிப்டன் சமூகக் கூடத்தில் நடந்தது. வழக்கம்போல் வீட்டுக்கு ஒரு தட்டு பலகாரம், கொதிகலத்தில் தேநீர். மெரியானாவும் வந்திருந்தாள். ரேவின் தன் நீலக் கம்பளிச் சட்டையில் கெல்வினின் மனைவி ஜூன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று அவளுக்கு நல்ல நாள், வந்தவர்கள் பெயரெல்லாம் சரியாகச் சொன்னாள். இருநூற்றுப் பதினாலைப் பொதுக் கிடாவாக்குகிற பேச்சைக் கெல்வின் எடுத்ததும் ஈவன் எழுந்தார்.

"அந்த எண்ணு தப்பு. முந்தின நாள் சாயங்காலம் இருபத்து நாலு கெடாவ நான் கொட்டகையில அடைச்சிட்டேன். கத்தரிப்பு ஞாபகத்துல கை தானா செஞ்சிருச்சு. காலையில பார்த்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு, நேரத்தப் பொய்யா எழுதிட்டேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். கெல்வின் முகம் கறுத்துவிட்டது. மெரியானா கூப்பிட்டுக் கேட்டிருப்பாளே, என்ன சொன்னாய் என்று கேட்டான். எப்பவும் போலத்தான் என்று சொன்னதாக ஈவன் ஒப்புக்கொண்டார். நாற்பது வருஷமாகத் தெரிந்தவன் ஒருவனிடம் கெல்வின் இப்படிக் கேள்வி கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

மெரியானாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவரைத் தாங்கிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அன்று காலை அந்த வீட்டில் தங்களுக்கு நடந்த உபசாரத்தைச் சொன்னாள். வந்தது இரண்டே பேர், அதற்கு நாற்பது ஸ்கோன், ஆறு கோப்பை, கெட்ட எண்ணம் உள்ளவர்கள் வீட்டில் அப்படி நடக்காது என்றாள்.

"நாப்பதா?" என்றாள் ரேவின்.

மெரியானா ஆமாம் என்றாள். ஈவன் ரேவினைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் எழுந்து நின்றாள்.

"ரெண்டு பேர் வந்தா நான் ஒரு டஜன்தான் சுடுவேன். நாப்பதும் ஆறு கோப்பையும் கத்தரிக்கிற ஆளுங்களுக்கு. அப்போ அன்னைக்குக் கத்தரிப்புன்னு நெனச்சது நான். அப்படி நெனச்சிருந்தா, முந்தின நாள் கெடாவ அடைச்சவளும் நானாத்தான் இருக்கணும்." கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுகிற அதே குரல். "எனக்கு ஞாபகம் இல்ல. இப்பல்லாம் எனக்கு ஞாபகம் நிக்கிறதில்ல. மார்ச்சுலயே டாக்டர் சொல்லிட்டார், நான்தான் வெளிய சொல்லாதன்னேன். இந்த மனுஷன் எதையும் மறக்கிற ஆளில்ல."

ஈவன் அவளை உட்கார வைக்க அருகே போனார், அவள் உட்காரவில்லை.

"ஆனா பொய்யா எழுதினது இந்த மனுஷன் கைதான்" என்றாள் ரேவின். "பொய்யா எழுதினா குழுவ விட்டுப் போகணும்னு விதி இருக்குல்ல? எனக்காக யாரும் அத வளைக்க வேணாம்."

கெல்வின் முன்னாலிருந்த பள்ளிக்கூட நோட்டைத் திறந்தான். பக்கத்தைத் தேடுவதற்கு அவனுக்கு நேரம் பிடித்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"நாலாவது விதி. பொய்யாக எழுதியதை மற்றவர் கண்டுபிடித்தால், எழுதியவர் குழுவை விட்டு விலக வேண்டும். எழுதியவரே வந்து சொன்னால், கிடாக்களைத் திரும்ப அளக்க வேண்டும். அதன் பிறகு அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது."

தொலைபேசியில் கேட்டபோது மறைத்தாரே, அது எந்தக் கணக்கில் வரும் என்று பின்வரிசையில் ஒருவர் இழுத்தார். கேட்டார்கள், ஆனால் கண்டுபிடிக்கவில்லை, இவனாகத்தான் எழுந்து சொன்னான் என்று கெல்வின் முடித்துவிட்டான்.

"யாரு எழுதினது அது?" என்று ரேவின் கேட்டாள்.

"நீதான், ரேவின்."

"பரவால்ல. நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

தேநீர் வேளையில் ஜூன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தேநீர் வேணுமா, சர்க்கரை போடவா என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்கக் கேட்டாள். எனக்குக் காது நல்லாக் கேட்குது ஜூன் என்றாள் ரேவின். அவள் பயந்தது அவளே வாய் திறந்து சொன்ன அரை மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டதை ஈவன் தூரத்தில் நின்று பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில், நீயாகச் சொல்லிவிட்டாயே என்று மட்டும் கேட்டார்.

"நீ அங்க நின்னு எனக்காகப் பொய் சொன்னத என்னால பார்க்க முடியல" என்றாள். வீடு வந்து சேர்வதற்குள் கூட்டம் எங்கே நடந்தது என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை வண்டி மறுபடி வந்தது. இந்தத் தடவை கெல்வின் விடியும்போதே வந்து, ஆற்றோர வேலியிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாகக் கிடாக்களை ஓட்டிவரக் கூட நின்றான். அக்டோபரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இருநூற்றுப் பதினாலு வழக்கம்போல் முன்னால் வந்து பெட்டிக்குள் தானே ஏறிக்கொண்டது. சாயங்காலம் வந்த கணக்கில் அது அறுபதில் முப்பத்தொன்றாவதாக நின்றது, எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு கிடா. பொதுக் கிடாவாகக் கெல்வின் பண்ணை ஆடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. காலையில் வேலிக்கதவைச் சாத்தியதும் மெரியானா படிவத்தை ஈவனிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி ரேவினின் கையில் கொடுத்து, பென்சிலையும் கொடுத்தார். வளர்ப்பவர் கைப்பட எழுத வேண்டும் என்பது விதி, அந்தப் பண்ணையில் வளர்த்தவள் அவளும்தானே என்று கெல்வினிடம் சொன்னார். கெல்வின் மறுக்கவில்லை.

"எத்தன மணிக்குப் புல்ல விட்டுச்சு?" என்று ரேவின் கேட்டாள்.

"ஏழு பத்து."

அவள் எழுதினாள். பழைய வாத்தியார் கையெழுத்து, ஒரு கோணல் இல்லை. பெட்டிக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஈவன், இது எத்தன மணிக்குப் புல்ல விட்டுச்சு? சரியா எழுதணும்."

"ஏழு பத்து" என்றார்.

முதல் தவணை முடிவதற்குள் அவள் அதை ஐந்து தடவை கேட்டாள். ஐந்து தடவையும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் அதையே சொன்னார்.